ஏறிய பிறகே இறங்கு: நிலவறைக்குள் நீர் புகாமல் காப்பது எப்படி?

கீழே போகவேண்டும் என்றால் இறங்கத்தானே வேண்டும்? ஆனால் சிங்கப்பூரின் நிலத்தடிப் பெருவிரைவு ரயில் நிலையங்கள் பலவற்றில் நாம் முதலில் சில படிகள் ஏறுகிறோம். அதன் பிறகுதான் மின்படிகளில் இறங்குகிறோம். காலையில் விரிவுரைக்கு ஓடும் அவசரத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. மூட்டுவலி உள்ள பாட்டிமார்தான், "கீழே போறதுக்கு எதுக்குடா மேலே ஏற வைக்கிறான்?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. அதற்கான பதில் ஒரே சொல்: வெள்ளம். நிலத்தடி நிலையத்தின் வாசல், சுற்றியுள்ள தரைமட்டத்தைவிடச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது இங்கே கடைப்பிடிக்கப்படும் விதி. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் அது சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது. தரைக்கடியில் ஓர் அறையைக் கட்டி அதை உலர்வாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு அந்தச் சில படிகளே முதல் சாட்சி. அந்த வேலையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சுண்ணாம்புக் கம்பம்

இதைப் பேச லிட்டில் இந்தியாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'சுண்ணாம்புக் கம்பம்'. கம்போங் என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் கம்பம் ஆனது. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் சுண்ணாம்பு முன்னொட்டானது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைத்தார்கள். அதே வட்டாரத்தில் செங்கற் சூளைகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் 1858 முதல் சிராங்கூன் சாலைச் சூளையில் அரசாங்கத்துக்காகச் செங்கல் அறுத்தார்கள். அந்தச் செங்கற்கள் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றன.

செங்கல்லுக்கு ஏற்ற களிமண், எருமைகள் புரளும் குட்டைகள், தாழ்வான சதுப்பு நிலம். இவைதாம் அன்றைய தேக்காவின் அடையாளங்கள். எருமைகளுக்குப் பிடித்த இடம், நிலவறை கட்டுகிறவருக்குப் பிடிக்காத இடம்! ரோச்சோர் கால்வாயை ஒட்டிய பகுதியில் தரைக்குக் கீழே இருப்பது, நிலவியலாளர்கள் 'காலாங் படிவம்' என்று அழைக்கும் மென்மையான கடற்களிமண். அங்கே நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. ஆனால் இன்று அதே வட்டாரத்தில் 2003இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியா நிலையமும், 2015இல் திறக்கப்பட்ட ரோச்சோர் நிலையமும் தரைக்கடியில் இயங்குகின்றன. ரோச்சோர் நிலையத்தைக் கட்டுவதற்காகக் கால்வாயையே திசைமாற்ற வேண்டியிருந்தது. முஸ்தபா சென்டரின் இரண்டு நிலத்தடித் தளங்களில் நள்ளிரவிலும் வியாபாரம் நடக்கிறது.

சுண்ணாம்புக்கும் நீர்க்காப்புக்கும் பழைய உறவு உண்டு. 1862இல் அபிஷேகம் செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில், இந்தியக் கைதிகள் 'மெட்ராஸ் சுண்ணம்' என்ற பூச்சைப் பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் குழைத்துச் செய்தது அது. காய்ந்த பிறகு கல்லால் தேய்த்தால் பளிங்குபோல் மின்னும். தமிழகத்தில் மொட்டைமாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் ஊற்றி, பெண்கள் வரிசையாக நின்று மரக்கட்டையால் தட்டித் தளம் போடுவார்கள். மழைநீருக்கு அது போதுமானது.

ஆனால் நிலவறைக்கு அது போதாது. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். ஈர மண்ணுக்குள் காற்று ஏது? செங்கல் தூளைச் சேர்த்தால் நீரிலும் ஓரளவு இறுகும். அதைத்தான் 'சுர்க்கி' என்றார்கள். இருந்தாலும் கூரையில் விழும் நீர் வழிந்தோடிவிடும். நிலவறைச் சுவரை நெருக்கும் நீர், ஆண்டு முழுவதும் அங்கேயே நின்று தள்ளிக்கொண்டிருக்கும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நீர் வரும் இரண்டு வழிகள்

நிலவறைக்குள் நீர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மேலிருந்து வரும் வெள்ளம். படி, வாகனச் சரிவு, காற்றுத் துவாரம் என்று திறந்த வாய் வழியாக ஒரே மூச்சில் உள்ளே பாயும். மற்றொன்று, பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் வரும் நிலத்தடி நீர். அது மெல்லக் கசியும், ஆனால் ஓயாது. முன்னது திருடன் என்றால் பின்னது கரையான். இரண்டுக்கும் மருந்து வேறு.

நிலத்தடி நீரின் வலிமையைக் கணக்கிடுவது எளிது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு மீட்டருக்கும், ஒரு சதுர மீட்டரின்மேல் ஒரு டன் வீதம் அழுத்தம் கூடும். மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் சுவரை மூன்று டன் எடை தள்ளுவதற்குச் சமம். இதில் மண்ணின் அழுத்தம் சேரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட ஒரு நிலவறையின் தரை, நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது விலக்கும் நீரின் கன அளவு 150 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அதை மேலே தூக்கும் விசை 150 டன். கட்டடத்தின் எடை அதைவிடக் குறைவாக இருந்தால், நிலவறை படகுபோல் மேலே எழப் பார்க்கும்! ஆகவேதான் தரைப் பலகையைத் தடிமனாக்குகிறார்கள். அதை அடியோடு பிடித்து வைக்க இழுவிசை தாங்கும் தூண்களை மண்ணில் இறக்குகிறார்கள். கட்டி முடிக்கும்வரை நீரை இறைத்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான். மேல்தளங்களின் எடை வந்து சேருமுன் இறைப்பதை நிறுத்திவிட்டால் ஆபத்து.

மூன்று காப்புகள்

இந்த நீரைத் தடுக்கப் பொறியாளர்கள் மூன்று முறைகளைக் கையாள்கிறார்கள். பிஎஸ் 8102 என்ற பிரிட்டிஷ் தரநிலை இவற்றை ஏ, பி, சி என்று வகைப்படுத்துகிறது.

முதலாவது, போர்த்துவது. கான்கிரீட்டின் வெளிப்புறத்தில் தார் கலந்த விரிப்பு, பிளாஸ்டிக் விரிப்பு அல்லது திரவமாகப் பூசி இறுகும் படலம் ஒன்றைப் போர்த்துவார்கள். மழைச்சட்டை போட்டுக்கொள்வது போன்றது இது. நீர் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தில் போர்த்தினால், நீரே அதைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உட்புறம் பூசினால் நீர் அதைப் பின்னாலிருந்து உரித்துத் தள்ளும். கசிவு வந்த பிறகு உள்ளே வண்ணம் பூசி மறைக்கும் வேலை நிலைக்காமல் போவது இதனால்தான். இம்முறையின் குறை, ஒருமுறை மண்ணை மூடிவிட்டால் விரிப்பில் விழுந்த சிறு கிழிசலையும் யாரும் பார்க்க முடியாது என்பதே.

இரண்டாவது, கான்கிரீட்டையே காப்பாக்குவது. சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையான அளவைவிட அதிகமாக ஊற்றும் நீர், பின்னர் நுண்துளைகளாக மாறுகிறது. நிலவறைக் கான்கிரீட்டில் நீரின் அளவைக் கட்டுப்படுத்தி, நன்றாக அதிர்வூட்டி, பல நாள் ஈரப்பதம் காத்துப் பதப்படுத்தினால் அது நீரைத் தடுக்கும். வெடிப்புகள் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டாதபடி கம்பிகளை நெருக்கமாக வைப்பது நெடுநாள் வழக்கம். மிக நுண்ணிய வெடிப்புகளைச் சிமெண்டின் சுண்ணாம்புச் சத்தே காலப்போக்கில் அடைத்துவிடும். பாருங்கள், சுண்ணாம்பு நம்மை விடுவதாக இல்லை!

மூன்றாவது, நீரை உள்ளே விட்டு வெளியேற்றுவது. முதல் இரண்டையும் மீறிக் கொஞ்சம் நீர் வரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொள்ளும் முறை இது. சுவருக்கு உட்புறம் சிறு இடைவெளி விட்டு இன்னொரு சுவரோ மேடுபள்ளமான பிளாஸ்டிக் தகடோ வைப்பார்கள். கசியும் நீர் அந்த இடைவெளியில் இறங்கி, சிறு வாய்க்கால் வழியாக ஒரு குழிக்குப் போகும். அங்குள்ள பம்ப் அதை மேலே இறைத்துவிடும். மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடும், ஒரு பம்ப் பழுதானால் இன்னொன்றும் கட்டாயம் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? அறையின் பயனைப் பொறுத்தது. வாகன நிறுத்துமிடத்தில் சிறிது ஈரம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் மத்தியப் பொது நூலகம் நிலத்தடித் தளத்தில் இருக்கிறது. புத்தகங்களுக்கு நடுவே காற்றின் ஈரப்பதம்கூடக் கட்டுக்குள் இருந்தாக வேண்டும். மண் மோசமாக இருந்தாலோ உள்ளே வைக்கும் பொருள் விலைமதிப்பற்றதாக இருந்தாலோ, இரண்டு முறைகளைச் சேர்த்துச் செய்வதே அறிவுடைமை.

எங்கே ஒழுகும்?

அனுபவசாலியான மேற்பார்வையாளர் சுவரின் நடுப்பகுதியைப் பார்க்கமாட்டார், இணைப்புகளைத்தான் பார்ப்பார். தரைப் பலகையை ஒரு நாளும் சுவரை இன்னொரு நாளும் வார்க்கும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழும். அதன் குறுக்கே நீர்த்தடுப்புப் பட்டையைப் பதிக்கவேண்டும். ரப்பர் அல்லது பிவிசி பட்டை ஒரு வகை. நீர் பட்டதும் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் பட்டை இன்னொரு வகை. வார்ப்புப் பலகைகளைப் பிடித்துவைத்த கம்பிகள் விட்டுச்சென்ற துளைகள், சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய்கள், பட்டை மடங்கிய மூலைகள், கான்கிரீட் சரியாக இறங்காமல் தேன்கூடுபோல் நின்ற இடங்கள், இவையே ஒழுகும் வாய்கள்.

பிறகு ஒழுகினால், வெடிப்பை ஒட்டித் துளைகள் போட்டு, நீர் பட்டதும் நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேனை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். பலன் உண்டு. ஆனால் ஓர் இடத்தில் அடைத்தால் நீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். முதலிலேயே சரியாகச் செய்வதற்கு ஆகும் செலவு எப்போதும் குறைவு.

'தேக்கம்' அல்ல, வெள்ளம்

இனி மேலிருந்து வரும் திருடனைப் பார்ப்போம். 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. சிங்கப்பூரில் ஒரு நாளில் பதிவான மிக அதிக மழை அதுதான். அந்த வெள்ளத்தில் 7 பேர் மாண்டனர். அன்று நகரில் நிலத்தடி ரயிலும் இல்லை, இன்றுள்ளதுபோல் நிலத்தடிக் கடைத்தொகுதிகளும் இல்லை.

2010 ஜூன் 16ஆம் தேதி நிலைமை வேறு. சுமார் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் ஒரு பகுதியைக் குப்பைகூளம் அடைத்துக்கொண்டது. ஆர்ச்சர்ட் சாலை ஆறானது. லக்கி பிளாசா, லியட் டவர்ஸ் போன்ற கட்டடங்களின் நிலத்தடித் தளங்களில் தண்ணீர் புகுந்தது. 2011 டிசம்பரில் மீண்டும் ஆர்ச்சர்ட் சாலையில் தண்ணீர் வந்தபோது, பொதுப் பயனீட்டுக் கழகம் அதை 'நீர் தேக்கம்' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டது. மக்கள் கேலி செய்தார்கள். 2012 ஜனவரியில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அப்படி மழுப்பலான சொல்லைப் பயன்படுத்தியிருக்கக்கூடாது என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மொழியை நேசிக்கும் நாம் இதைக் கவனிக்கவேண்டும். வெள்ளத்தை வெள்ளம் என்று சொன்னால்தான் அதற்கு வழி தேட முடியும்.

வழியும் தேடினார்கள். 2011இல் ஆர்ச்சர்ட் சாலையின் தாழ்வான பகுதி உயர்த்தப்பட்டது. 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டருக்குக் குறையாத புதிய கட்டுமானங்கள் தங்கள் நிலத்தில் விழும் மழையின் ஒரு பகுதியைத் தாங்களே சிறிது நேரம் தேக்கிவைத்துப் பிறகு விடவேண்டும் என்ற விதி வந்தது. 2018இல் 38,000 கன மீட்டர் கொள்ளும் ஸ்டாம்ஃபர்ட் தடுப்புத் தொட்டியும், இரண்டு கிலோமீட்டர் நீள மாற்றுக் கால்வாயும் முடிக்கப்பட்டன. நிலத்தடி வாகன நிறுத்துமிடங்களின் வாசலில் சாலை ஒரு மேடாக ஏறிப் பிறகு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் நிலையப் படிகளின் தம்பிதான் அந்த மேடு. அதன் உச்சி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதையும் வடிகால் விதிகள் சொல்கின்றன.

நாட்டையே ஒரு நிலவறையாக நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. கடல் பொங்கும்போது கதவைச் சாத்தவும், அந்நேரம் மழையும் சேர்ந்தால் நீரை இறைத்து வெளியேற்றவும் 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. நொடிக்கு 40 கன மீட்டர் வீதம் இறைக்கும் 7 பம்புகள் அங்கே உள்ளன. தேக்காவுக்கு அடுத்த ஜாலான் புசார் உள்ளிட்ட தாழ்வான பகுதிகளை அது காக்கிறது. தடுப்புச் சுவரும் பம்பும் சேர்ந்த அதே நிலவறைத் தத்துவம்தான், அளவு மட்டும் பெரிது.

பம்ப் இருந்தும் நனைந்த சுரங்கம்

எல்லாம் இருந்தால் போதுமா? 2017 அக்டோபர் 7ஆம் தேதி பீஷான் நிலையத்துக்கும் பிராடல் நிலையத்துக்கும் இடையிலான சுரங்கப்பாதையில் வெள்ளம் புகுந்தது. மறுநாள் பிற்பகல்தான் ரயில்கள் வழக்கத்துக்குத் திரும்பின. மழைநீரைச் சேர்க்கும் குழி இருந்தது, பம்புகளும் இருந்தன. ஆனால் அவை வேலை செய்யவில்லை. செய்ததாகக் கையெழுத்திடப்பட்ட பராமரிப்புப் பணிகள் உண்மையில் செய்யப்படவே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. காகிதத்தில் ஓடிய பம்ப், குழியில் ஓடவில்லை! நீர்க்காப்பில் கான்கிரீட்டுக்கு அடுத்த முக்கியப் பொருள் நேர்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்று உயிர்ச்சேதம் இல்லை. எல்லா ஊருக்கும் அந்த நல்லூழ் இல்லை. 2024 ஜூலை 27ஆம் தேதி டெல்லியின் பழைய ராஜீந்தர் நகரில், குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றின் நிலத்தடி நூலகத்தில் மழைவெள்ளம் பாய்ந்து 3 மாணவர்கள் இறந்தனர். பொருள்கள் வைப்பதற்காக அனுமதிக்கப்பட்ட இடத்தை நூலகமாக்கியிருந்தார்கள். நம் வயதுப் பிள்ளைகள், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். இதைப் படித்த அன்று நம்மில் யாருக்கு மனம் பதறாமல் இருந்திருக்கும்?

ஆகவே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றால், கதவின் மேல் சுமார் 110 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். ஒரு மீட்டர் நின்றால் அது நான்கு மடங்காகி 450 கிலோவாகும். வெளிப்புறமாகத் தள்ளித் திறக்கும் கதவு அப்போது அசையாது. நிலவறைக்குள் தண்ணீர் வருவதைக் கண்டால் காரையோ மடிக்கணினியையோ எடுக்க இறங்காதீர்கள், மின்தூக்கியில் ஏறாதீர்கள், நீர் முழங்காலைத் தொடுமுன் படி வழியாக மேலே வந்துவிடுங்கள்.

நம் வீட்டில்

"எங்கள் வீட்டில் நிலவறை ஏது? நாங்கள் இருப்பது வீவக அடுக்குமாடி வீட்டில்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். தரைவீடுகள் சிலவற்றில்தான் நிலவறை உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக் குளியலறை, கீழ்வீட்டுக்காரருக்குத் தலைக்குமேல் உள்ள குளம்! அங்கும் இதே பாடம்தான். தரைக்கற்களுக்கு அடியில் ஒரு நீர்க்காப்புப் படலம் இருக்கிறது. புதுப்பிப்பின்போது அதை உடைத்துவிட்டு, மேலே புதுக் கல்லை மட்டும் பதித்தால் கசிவு நிச்சயம். கற்களுக்கு நடுவே பூசும் வெள்ளைச் சாந்து நீர்க்காப்பு அல்ல. புதிய படலம் போட்டதும், கல் பதிக்குமுன், தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். படலம் சுவரில் ஏறியிருக்கிறதா, குழாய்களைச் சுற்றி ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கும் இணைப்புகளே ஒழுகும் வாய்கள்.

கீழ்வீட்டில் கசிந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் உண்டு. தகுதி பெறும் வீடுகளுக்கு வீவக ஓர் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. செலவில் பாதியை அது ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வர். சண்டை போடுவதற்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீர்க்காப்பு என்பது மறைந்துபோகும் வேலை. மண்ணை மூடியதும், கல்லைப் பதித்ததும் அதைச் செய்தவர் கைத்திறன் யாருக்கும் தெரியாது. ஒழுகாத வரையில் யாரும் பாராட்டமாட்டார்கள். இந்நகரின் ஆழமான குழிகளில் இறங்கி வேலை செய்வோரில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். அந்தக் குழிகள் விளையாட்டல்ல. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி வட்டப்பாதை ரயிலுக்காகக் கடற்களிமண்ணில் தோண்டிய குழி சரிந்து 4 பேர் உயிரிழந்தனர். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நம் தோளை உரசிக்கொண்டு நடக்கும் அண்ணன்களில் யாரோ ஒருவர், நாம் இறங்கிப்போகும் நிலையத்தின் சுவருக்கு நீர்த்தடுப்புப் பட்டையைப் பதித்தவராக இருக்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் பழமொழி. கடல்மட்டம் 2100ஆம் ஆண்டுக்குள் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளியான சிங்கப்பூரின் பருவநிலை ஆய்வு எச்சரிக்கிறது. இப்போதைய ஒரு மீட்டர்ப் படிகள் போதுமா என்று நம் தலைமுறைப் பொறியாளர்கள் கணக்குப் போடவேண்டியிருக்கும். அடுத்த முறை ரயில் நிலைய வாசலில் பாட்டி அலுத்துக்கொண்டால், கையைப் பிடித்து ஏற்றிவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்: "கீழே நனையாமல் இருக்கத்தான் மேலே ஏறுகிறோம், பாட்டி."